வெளிச்சம் வெளியே இருக்கிறது

உலக வரைபடத்தில் மொன்றியலின் மேல் விரலை வைத்து, அட்லாண்டிக்கைத் தாண்டி நேர்கிழக்காக நகர்த்தினால், விரல் பிரான்சின் லியோனையும் இத்தாலியின் மிலானையும் ஒட்டிச் செல்லும். மூன்று நகரங்களும் வடக்கே 45 பாகைக்கும் 46 பாகைக்கும் இடையில் இருப்பவை. லண்டன் இவற்றுக்கு வெகு வடக்கே, 51 பாகையைத் தாண்டிக் கிடக்கிறது. டிசம்பர் 21 அன்று மொன்றியலில் பகல் 8 மணி 42 நிமிடம் நீடிக்கிறது; லண்டனில் அன்று எட்டு மணி நேரம்கூட நிறைவதில்லை. ஜனவரி மாதத்தில் மொன்றியலுக்குச் சுமார் 100 மணி நேர வெயில் கிடைக்கிறது. லண்டனுக்கு அதில் மூன்றில் இரண்டு பங்குகூட வருவதில்லை. கடுங்குளிர் நாட்களில் மொன்றியலில் வானம் பெரும்பாலும் தெளிந்த நீலமாக இருக்கும். தரையில் கிடக்கும் புதுப்பனி தன்மேல் விழும் ஒளியில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்புவதால் நண்பகலில் கண் கூசும். இப்படிப்பட்ட ஊரில், நவம்பர் பிறந்ததும் மனம் கனத்துப்போகிறது, மார்ச் வரை எதிலும் பிடிப்பில்லை என்று சொல்பவர்கள் இருப்பது ஏன்? இந்தக் கேள்வியோடு குளிர்கால மொன்றியலைச் சுற்றிப் பார்த்தால் ஒரு விடை தெளிவாகிறது. பகல் குறுகுவது பாதிக் காரணம்தான். இருக்கிற வெளிச்சத்திலிருந்து குளிர் மனிதர்களைப் பிரித்து வைத்துவிடுவது மறுபாதி. மனத்தைத் திடப்படுத்திக்கொள் என்று தனி மனிதருக்குச் சொல்லும் அறிவுரையால் இந்தப் பிரிவு தீராது. பகல் வெளிச்சத்துக்குள் மனிதரைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் ஏற்பாடுகளால்தான் தீரும்.

ஆண்டு முழுவதும் ஏறக்குறைய ஒரே அளவு பகலைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு, வெளிச்சத்துக்கும் மனநிலைக்கும் உள்ள தொடர்பை யோசிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும். மொன்றியலில் அது ஏழு மணி நேரம். நவம்பர் முதல் ஞாயிறன்று கடிகாரங்களை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பிவைக்கிறார்கள்; டிசம்பரில் மாலை நாலே காலுக்கெல்லாம் சூரியன் மறைந்துவிடுகிறது. நம் உடலின் உள்கடிகாரம் கண் வழியாகவே நேரத்தை அறிகிறது. உருவங்களைப் பார்ப்பதற்காக இல்லாமல், வெளிச்சத்தின் அளவை மூளைக்குச் சொல்வதற்கென்றே விழித்திரையில் தனி நரம்பணுக்கள் இருப்பது 2002இல் உறுதியானது. இரவில் சுரக்கும் மெலடோனின் என்ற ஹார்மோனைப் பிரகாசமான ஒளி அடக்கிவிடுகிறது என்பதை அமெரிக்க மருத்துவர் ஆல்ஃபிரட் லூயியின் குழு 1980இலேயே காட்டியிருந்தது. அதையொட்டி, ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த நார்மன் ரோசன்தாலும் அவருடைய சக ஆய்வாளர்களும் 1984இல் பருவகால மனச்சோர்வை ஒரு தனி நோய்நிலையாக விவரித்தார்கள். அதிகத் தூக்கம், மாவுப் பண்டங்களின் மேல் தீராத நாட்டம், எடை கூடுதல், ஆட்களைத் தவிர்த்தல், வசந்தம் வந்ததும் எல்லாம் விலகுதல் ஆகியவை இதன் அடையாளங்கள். கனடாவில் நூற்றில் இரண்டு மூன்று பேருக்கு இது நோய் என்று சொல்லும் அளவுக்கு இருக்கிறது. மேலும் 15 பேருக்கு மிதமாக இருக்கிறது என்று கனடிய மனநலச் சங்கம் சொல்கிறது.

இந்த எண்களை மனத்தில் வைத்துக்கொண்டு நகர மையத்துக்குப் போகலாம். 1962இல் பிளாஸ் வில் மரி என்ற வானளாவிய கட்டடம் எழுந்தபோது அதன் அடியில் ஒரு கடைத்தொகுதியும் உருவானது. 1966 அக்டோபரில் மெட்ரோ ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குப் பிறகு கட்டடத்துக்குக் கட்டடம் சுரங்க நடைவழிகள் நீண்டு, இன்று 30 கிலோமீட்டருக்கும் மேல் பரவியிருக்கின்றன. அலுவலகம், பல்கலைக்கழகம், கடை, உணவகம், ரயில் நிலையம் எல்லாம் தரைக்குக் கீழேயே ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. மெட்ரோவும் முழுக்க முழுக்க நிலத்துக்கடியில் ஓடுவது. மைனஸ் 20 பாகையில் கைக்குழந்தையோடு பயணம் செய்யும் தாய்க்கும், பனியில் வழுக்கி விழ அஞ்சும் முதியவருக்கும் இந்த நிலத்தடி நகரம் பெரிய உதவி. அதைக் குறைசொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனாலும், குளிரிலிருந்து காக்கும் அதே கூரை வெளிச்சத்தையும் தடுத்துவிடுகிறது. காலை ஏழு மணி இருட்டில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, மெட்ரோவில் ஏறி, சுரங்கவழியாகவே அலுவலகம் சேர்ந்து, நண்பகல் உணவையும் கீழ்த்தளத்திலேயே முடித்துக்கொண்டு, ஐந்து மணி இருட்டில் திரும்புகிறவர் திங்கள் முதல் வெள்ளி வரை சூரியனைப் பார்க்காமலே இருந்துவிட முடியும்.

நல்ல விளக்குகள் எரியும் அறையில் இருந்தால் போதாதா என்று கேட்கலாம். கண் எளிதில் பழகிக்கொள்வதால்தான் இந்தக் கேள்வியே எழுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளக்கிறார்கள். சாதாரண அலுவலக அறையில் அது சில நூறு லக்ஸ் அளவே இருக்கும். மேகம் மூடிய குளிர்காலப் பகலில்கூட வெட்டவெளியில் அது சில ஆயிரம் லக்ஸைத் தொடும். பனியில் வெயில் அடிக்கும் நாளில் பல மடங்கு கூடும். பார்வைக்குச் சிறிதாகத் தெரியும் இந்த வேறுபாடு உள்கடிகாரத்துக்கு மிகப் பெரியது. மொன்றியலின் மெக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சைமன் யங், மரியே ஆன் ஹெட் ரொட் ஆகியோரின் குழு 2008இல் வெளியிட்ட ஆய்வொன்று இதை நேரடியாகத் தொடுகிறது. பருவத்தோடு மனநிலை சற்றே மாறும் இயல்புடைய, நோயற்ற 48 பேர் மணிக்கட்டில் ஒளியளவியைக் கட்டிக்கொண்டு 20 நாட்கள் நடமாடினார்கள். பிறரோடு பேசிப் பழகும்போதெல்லாம் தங்கள் நடத்தையையும் மனநிலையையும் உடனுக்குடன் குறித்துவைத்தார்கள். 1,000 லக்ஸைத் தாண்டிய ஒளியில் இருந்த பொழுதுகளில் அவர்கள் சச்சரவு குறைந்து, இணக்கம் கூடி, மனம் தெளிந்து இருந்தார்கள். இங்கே இரண்டு விஷயங்கள் கவனிக்க வேண்டியவை. ஒன்று, வெளிச்சம் தூக்கத்தை மட்டும் தொடுவதில்லை. வீட்டில் மனைவியிடமும் பிள்ளையிடமும் எப்படிப் பேசுகிறோம் என்பது வரை அதன் தடம் நீள்கிறது. இரண்டு, மனம் தெளிந்தவர்தான் வெளியே போகிறார் என்று இதைத் தலைகீழாக வாசிக்கவும் இடமுண்டு. அதனால் இந்த ஒரு ஆய்வின் மேல் முழுப் பாரத்தையும் ஏற்ற முடியாது. சிகிச்சைச் சோதனைகளையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்தச் சோதனைகளில் முக்கியமானது கனடாவிலேயே நடந்தது. வான்கூவரின் ரேமண்ட் லாம் தலைமையில் நான்கு மையங்களில் 96 நோயாளிகளை இரண்டு குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு ஒவ்வொரு காலையும் 30 நிமிடம் 10,000 லக்ஸ் விளக்கொளியும் வெற்று மாத்திரையும் கிடைத்தன. மற்றதற்குப் புளூக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மாத்திரையும் மங்கலான விளக்கும். எட்டு வாரங்களின் முடிவில் இரு குழுவிலும் 67 சதவீதம் பேருக்கு நல்ல முன்னேற்றம். 2006இல் வெளியான இந்த முடிவு, ஒளி ஒரு வெறும் ஆறுதல் என்ற எண்ணத்தை அசைத்தது. மருந்தும் ஒளியும் இரண்டுமே இல்லாத மூன்றாவது குழு இந்தச் சோதனையில் இல்லாததால், முன்னேற்றத்தில் ஒரு பகுதி நம்பிக்கையால் வந்திருக்கலாம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மொன்றியலுக்குத் தெற்கே, எல்லையைத் தாண்டினால் வரும் வெர்மான்ட் மாநிலத்தின் பர்லிங்டன் நகரில் கெல்லி ரோஹன் செய்த ஆய்வு இன்னொரு கோணத்தைத் திறந்தது. 177 பேரில் ஒரு பாதிக்கு ஒளிச் சிகிச்சையும், மறுபாதிக்குப் பருவகால மனச்சோர்வுக்கென வடிவமைத்த பேச்சுச் சிகிச்சையும் தரப்பட்டன. முதல் குளிர்காலத்தில் இரண்டும் சமமாக உதவின. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, ஒளி பெற்றவர்களில் 46 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியிருந்தது. பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் 27 சதவீதம் பேருக்கே திரும்பியது. விளக்கை ஒவ்வோர் ஆண்டும் தானாக எடுத்து வைத்து உட்காரப் பலராலும் முடியாமல் போகிறது. பேச்சுச் சிகிச்சையின் வழியே வெளியே போகும் வழக்கத்தையும் ஆட்களோடு பழகும் வழக்கத்தையும் கற்றுக்கொண்டவரிடம் அவை அடுத்த குளிர்காலத்துக்கும் தங்கிவிடுகின்றன. என் வாதத்தின் நடுப்புள்ளி இதுதான். சோர்வு முதலில் தின்பது முயற்சியைத்தான். ஆகவே முயற்சியையே மருந்தாக எழுதிக்கொடுப்பது பயன் தராது. முயற்சி இல்லாத நாளிலும் ஒருவரை வெளியே இழுத்துச் செல்லும் பழக்கமும் துணையும் முன்கூட்டியே அமைந்திருக்க வேண்டும்.

மொன்றியல் நகரம் இதை நீண்ட காலமாகத் தன் வழியில் செய்துவந்திருக்கிறது. நகரின் நடுவே எழும் மோன் ரோயால் குன்றின் பூங்காவை வடிவமைத்தவர், நியூயார்க்கின் சென்ட்ரல் பார்க்கை உருவாக்கியவர்களில் ஒருவரான ஃபிரடெரிக் லா ஓல்ம்ஸ்டெட். பூங்கா 1876இல் திறக்கப்பட்டது. இயற்கைக் காட்சிக்கு மனத்தைச் சீராக்கும் மருத்துவ குணம் உண்டு என்று அவர் உறுதியாக நம்பினார். குன்றின் சரிவில் அவர் அமைத்த சாலை, வண்டியிலும் காலாற நடந்தும் எல்லோரும் மேலே போகும்படி மெல்ல ஏறிச் செல்கிறது. 1883 முதல் அந்த நூற்றாண்டில் சில ஆண்டுகள் மொன்றியலில் குளிர்காலத் திருவிழா நடந்தது. பனிக்கட்டிகளால் மாளிகை எழுப்பினார்கள். இன்றும் குன்றின் மேலுள்ள பீவர் ஏரிப் பகுதியில் குளிர்காலம் முழுவதும் சறுக்குபவர்களும் பனிச்சரிவில் வழுக்கி விளையாடும் பிள்ளைகளும் நிறைந்திருக்கிறார்கள். 2010 முதல் குளிர்காலந்தோறும் நகர மையத்தின் விழாச் சதுக்கத்தில் ‘லுமினோதெரபி’ (ஒளிச் சிகிச்சை) என்ற பெயரில் ஒளிரும் கலைப்படைப்புகளை வைக்கிறார்கள். ஓராண்டு பெரியவர்களும் ஏறி ஆடும் ஒளிரும் சீசாப் பலகைகளை வைத்தார்கள். பெயர் எப்படி இருந்தாலும் அந்த மாலை விளக்குகள் மருத்துவ அளவிலான ஒளியைத் தருவதில்லை. இருட்டிய பிறகும் வீட்டைவிட்டு வெளியே வர ஒரு காரணத்தையும், அங்கே அறிமுகமில்லாதவரோடு சிரிக்க ஒரு வாய்ப்பையும் அவை தருகின்றன. இவற்றையெல்லாம்விடப் பெரிய ஏற்பாடு யார் கண்ணிலும் படாமல் நடக்கிறது. ஆண்டுக்கு இரண்டு மீட்டர் அளவு பனி கொட்டும் இந்த நகரில் 10,000 கிலோமீட்டருக்கும் கூடுதலான சாலைகளையும் நடைபாதைகளையும் மாநகராட்சி துப்புரவு செய்கிறது. நடைபாதைகளுக்கென்றே சிறிய வண்டிகள் வைத்திருக்கிறது. அந்த வண்டி வந்துபோன தெருவில் எழுபது வயதுப் பாட்டி கடைக்கு நடக்க முடியும். வராத தெருவில் அவர் ஜன்னலுக்குள்ளேயே இருப்பார். இந்த வகையில் பனி அகற்றுவது மனநலப் பணியும்கூட.

ஆனால் எல்லாத் தெருக்களுக்கும் எல்லா வாழ்க்கைகளுக்கும் வெளிச்சம் சமமாகக் கிடைப்பதில்லை. நீலநிற மெட்ரோ வழியில் பார்க் அல்லது அக்காடி நிலையத்தில் இறங்கினால் பார்க் எக்ஸ்டென்ஷன் பகுதி வரும். தெற்காசியர்கள் நெருங்கி வாழும் இடம். தமிழ்க் கடைகளும் உணவகங்களும் உண்டு. இலங்கையின் 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஈழத்தமிழர்கள் மொன்றியலுக்குப் பெருமளவில் வரத் தொடங்கினார்கள். 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை மீனவர்கள் கரைசேர்த்தபோது, அவர்களிலும் பலர் மொன்றியலையும் ரொறன்ரோவையும் நோக்கியே வந்தார்கள். உணவகச் சமையலறை, தொழிற்சாலை, இரவுநேரத் துப்புரவு என்று அந்தத் தலைமுறை பிழைத்தது. இன்று அதே வேலைகளைத் தமிழ்நாட்டிலிருந்தும் பஞ்சாபிலிருந்தும் வரும் மாணவர்களும் செய்கிறார்கள். வாடகை குறைவு என்பதால் பாதி நிலத்துக்குள் இறங்கிய பேஸ்மென்ட் வீடுகளில் குடியிருப்பவர்கள் உண்டு. அதன் ஜன்னல் தரைமட்டத்தில் இருக்கும். நல்ல பனி விழுந்தால் அதுவும் மூடிக்கொள்ளும். காலையில் அரை மணி நேரம் வெளியே நடங்கள் என்பது, பிற்பகல் மூன்று மணிக்குச் சமையலறைக்குள் போய் நள்ளிரவில் வெளியே வருபவருக்கும், இரவுப்பணி முடித்துப் பகலில் தூங்குபவருக்கும் எவ்வளவு பொருந்தும் என்று கேட்பது நியாயம். அந்தக் கேள்வி என் வாதத்துக்கு வலுவே சேர்க்கிறது. வெளிச்சத்தைத் தனிமனிதரின் ஒழுக்கமாகப் பேசும்வரை அது வசதி உள்ளவரின் உரிமையாகவே இருக்கும். நண்பகலில் இருபது நிமிட இடைவேளை தரும் முதலாளி, இரவுப்பணியைத் தொடர்ந்து ஒருவர் தலையிலேயே கட்டாத மேற்பார்வையாளர், ஜன்னலுக்கு வெளியே கிடக்கும் பனியைத் தானே அகற்றிக் கொடுக்கும் வீட்டுக்காரர் ஆகியோரும் இந்த மருத்துவத்தில் பங்காளிகள்.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. பருவகால மனச்சோர்வு என்று ஒன்று இருக்கிறதா என்றே ஐயப்படுபவர்கள் இருக்கிறார்கள். 2016இல் அமெரிக்காவில் 34,294 பேரின் விடைகளை ஆராய்ந்த ஸ்டீவன் லோபெல்லோ குழுவினர், மனச்சோர்வின் அளவுக்கும் பருவத்துக்கும் அட்சரேகைக்கும் தொடர்பு தெரியவில்லை என்று எழுதினார்கள். மறுபுறம், கனடாவின் மனிடோபாவில் வாழும் ஐஸ்லாந்து வம்சாவளியினரிடம் இந்த நோய் குறைவாகவே இருப்பதை 1993இல் ஓர் ஆய்வு கண்டது. இருட்டு எல்லோரையும் ஒரே மாதிரி வீழ்த்துவதில்லை என்பதை இவை சுட்டுகின்றன. ஆனால் ஒரு நாட்டின் சராசரி, அந்த நாட்டின் சிறு பகுதியினருக்கு நேர்வதை மறைத்துவிடும். நூறு பேரில் மூவர் ஆண்டுதோறும் டிசம்பரில் சரிந்தால், நூறு பேரின் சராசரி அசைந்ததாகவே தெரியாது. அந்த மூவரின் வாழ்க்கை சரிந்தது உண்மை. இன்னொரு தரப்பினர், ஈழத்தமிழரின் துயரத்துக்குக் காரணம் சூரியன் இல்லை, போரும் பிரிவும் என்பார்கள். அதுவும் சரியே. 2003இல் ரொறன்ரோத் தமிழரைப் பற்றி மோர்ட்டன் பைசர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, போர் அதிர்ச்சியின் பின்விளைவுகளோடு வாழ்பவர்கள் பலர் என்றும் அவர்களில் உதவி நாடியவர்கள் மிகச் சிலர் என்றும் காட்டியது. ஊரில் அம்மா தனியாக இருக்கிறார், அகதி விண்ணப்பம் முடிவாகவில்லை, படித்த படிப்புக்கு வேலையில்லை என்ற கவலைகளை எந்த விளக்கும் தீர்க்காது. ஆயினும் ஒரு காயத்தைச் சுமப்பவருக்கு இன்னொரு சுமையைக் குறைத்துக் கொடுப்பது காயத்தை மறுப்பதாகாது. நன்றாகத் தூங்கி எழுந்தவரால்தான் விண்ணப்பத்தை நிரப்பவும், வழக்கறிஞரைப் பார்க்கவும், அம்மாவோடு அழாமல் பேசவும் முடிகிறது. பண்பாட்டையும் மனநோயையும் சேர்த்துப் படிப்பதற்கென்று 1955இலேயே மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஒரு பிரிவைத் தொடங்கிய ஊர் இது. துயரத்துக்கு ஒரே காரணம் தேடக் கூடாது என்பது இங்கே பழைய பாடம்.

எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதையும் சுருக்கமாகச் சொல்ல வேண்டும். மொன்றியலுக்குத் தெற்கே இருக்கும் பாஸ்டனிலேயே நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தோலில் வைட்டமின் டியை உருவாக்குவதில்லை என்று 1988இல் நிறுவினார்கள். கருநிறத் தோலுக்கு மற்ற மாதங்களிலும் கூடுதல் நேரம் வேண்டும். எலும்புக்காக வைட்டமின் டி மாத்திரையை எடுப்பது பொருத்தமே. அதுவே மனச்சோர்வைத் தடுக்கும் என்ற நம்பிக்கையை, 18,000 பேருக்கும் மேல் பங்கெடுத்து 2020இல் முடிவு வெளியான அமெரிக்கச் சோதனை ஆதரிக்கவில்லை. ஒளிச் சிகிச்சை விளக்கைக் கடையில் யாரும் வாங்கலாம். ஆனால் கண்நோய் உள்ளவர்களும், உற்சாகமும் சோர்வும் மாறிமாறி வரும் இருதுருவ நோய் உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் அதன் முன் உட்காரக் கூடாது. வேலைக்கே போக முடியாத, உண்ணவும் உறங்கவும் முடியாத, வாழ்க்கையை முடித்துக்கொள்ளும் எண்ணம் எட்டிப்பார்க்கும் நிலையில் நடையும் விளக்கும் போதாது, சிகிச்சை வேண்டும். கியூபெக் மாகாணத்தில் 811ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் எந்த நேரமும் உளவியல் உதவிக்கான பணியாளர் கிடைப்பார். தற்கொலை எண்ணம் வந்தால் 988 என்ற எண் 2023 நவம்பர் முதல் கனடா முழுவதும் இயங்குகிறது. மருத்துவரிடம் போவது குடும்பத்துக்கு வெட்கம் என்ற எண்ணம் பனியைவிட அதிகமானவர்களை வீட்டுக்குள் பூட்டிவைத்திருக்கிறது.

நகரின் மேற்கே டொலார்-தே-ஓர்மோ என்ற புறநகரில் திருமுருகன் கோயில் இருக்கிறது. கோயில் வழிபாட்டுக்கு உரிய மார்கழியும் தையும் மொன்றியலில் ஆண்டின் மிகக் குறுகிய பகல்களோடும் மிகக் கடும் குளிரோடும் சேர்ந்து வருகின்றன. இருள் பிரியும் முன் எழுந்து, குளித்து, பலரோடு சேர்ந்து பாடிக்கொண்டு தெருவில் இறங்கும் திருவெம்பாவை வழக்கம் யாழ்ப்பாணத்தில் உண்டு; தமிழ்நாட்டில் மார்கழி பஜனை உண்டு. அதில் ஒருவர் வரவில்லை என்றால் ஊர் கேட்கும். தனியாக எழ முடியாதவரையும் கூட்டம் எழுப்பிவிடும். இதைப் பார்த்துத்தான் நம் சமூகத்திடம் ஏற்கெனவே கருவி இருக்கிறது என்று சொல்கிறேன். புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, இந்த ஊரின் சூரியனுக்கு ஏற்பத் திருத்தினால் போதும். இங்கே ஜனவரித் தொடக்கத்தில் ஏழரை மணிக்குப் பிறகே சூரியன் எழுகிறது. ஆகவே விடியலுக்கு முந்தைய கூட்டம் இங்கே வெளிச்சம் தராது. காலை எட்டரைக்கோ வார இறுதி நண்பகலிலோ வெட்டவெளியில் கூடுவதே தரும். தைப்பொங்கல் நாளில் மொன்றியலின் பகல், டிசம்பர் கடைசியைவிட ஏறக்குறைய 20 நிமிடம் நீண்டிருக்கும். பிப்ரவரி முடிவில் பதினொரு மணி நேரத்தைத் தொட்டிருக்கும். சூரியனுக்கு நன்றி சொல்லும் விழாவை மண்டபத்துக்குள் மட்டும் முடித்துவிடாமல், பானையை ஒரு மணி நேரமாவது வாசலில் வைத்துப் பொங்கலாம். ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக ஏற்கும் தீர்மானத்தைக் கனடிய நாடாளுமன்றம் 2016இல் நிறைவேற்றியது. அந்த மாதத்தின் நிகழ்ச்சிகளில் பாதியையாவது பட்டிமன்ற மேடையிலிருந்து பூங்காவுக்கு நகர்த்துவது அமைப்பாளர்கள் கையில்தான் இருக்கிறது.

இதெல்லாம் அக்டோபரிலேயே முடிவாக வேண்டும். டிசம்பரில் சோர்ந்து கிடப்பவரிடம் நல்ல சப்பாத்தும் தடித்த ஜாக்கெட்டும் வாங்கு, நடைக்குத் துணை தேடு, மருத்துவரிடம் நேரம் கேள் என்று சொல்வது காலம் கடந்த பேச்சு. இலையுதிர்காலத்தில் அவருக்கு இவை எல்லாமே எளிது. ஊருக்குப் புதிதாக வந்த மாணவருக்கு முதல் குளிர்காலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியவர் முன்பே வந்தவர். பணியாளருக்கு நண்பகல் இடைவேளையைத் தர வேண்டியவர் முதலாளி. தாத்தா பாட்டியை அழைத்துப் போக வேண்டியவர்கள் பேரப்பிள்ளைகள். தெருவைத் துப்புரவாக வைக்க வேண்டியது மாநகராட்சி. குளிர்காலம் ஒவ்வோர் ஆண்டும் தேதி தவறாமல் வருகிறது. முன்கூட்டியே தெரிந்த ஒரு துயரத்துக்கு யாரையும் தனியாக, தயாரில்லாமல் முகங்கொடுக்க விடுவது சமூகத்தின் தவறு. அதைத் திருத்துவது சமூகத்தால் முடிகிற வேலை.